எதிர்ப்பு ரகம் போட்டும் வைரஸ் வந்துவிட்டது: செடிக்குள் இருக்கும் புரதம் என்னதான் செய்கிறது?

பாத்திக்காரன்

வணக்கம். தக்காளி விதை வாங்கும்போது உறையில் "வைரஸ் எதிர்ப்பு உள்ளது" என்று பெரிதாகப் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். நட்டு நாற்பது நாள் வரை கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அப்புறம் ஒரு வரிசையில் கொழுந்து இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாகத் தேமல், சில இலைகள் ஒடுங்கி நூல் மாதிரி ஆகிவிட்டன, காய் பிடித்த செடிகளில் காய்த்தோல் பழுப்பேறி, விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. பக்கக் கிளைகளை நான் கிள்ளிக்கொண்டே போன திசையிலேயே அது பரவியதுதான் எனக்குப் பெரிய வலி. விற்றவரிடம் கேட்டால் "வெயில் அதிகம், அதான்" என்று முடித்துவிட்டார்.

செடிக்குள் ஏதோ புரதம் இருந்து வைரஸைத் தடுக்கிறது, அதைத்தான் எதிர்ப்பு என்கிறார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் அந்தப் புரதம் என் செடியில் வேலை செய்யவில்லையா, இல்லை அப்படி ஒன்று இருந்ததே பொய்யா? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

இலைநரம்பு

அண்ணா, புரதத்தின் மேல் அவசரப்பட்டுப் பழி போடவேண்டாம். பயிர் வைரஸ் ஆய்வகத்தில் சில வருடம் வேலை பார்த்தவள் நான், தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

செடிக்கு ரத்தம் கிடையாது, சுற்றிவரும் வெள்ளை அணு கிடையாது, ஆன்டிபாடியும் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானேதான் காத்துக்கொள்ளவேண்டும். அதற்காகச் செல்லுக்குள் சில காவல் புரதங்கள் எப்போதும் கொஞ்சமாக இருந்துகொண்டே இருக்கும். என்எல்ஆர் புரதங்கள் என்பார்கள். ஒரு முனையில் லியூசின் என்ற அமினோ அமிலம் திரும்பத் திரும்ப வரும் வளைந்த பகுதி, நடுவில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யைப் பிடித்துவைத்திருக்கும் பகுதி, மறுமுனையில் மணியடிக்கும் பகுதி. பெரும்பாலும் அந்த வளைந்த பகுதிதான் வந்திருப்பது யார் என்று கண்டுகொள்வது. அது முழு வைரஸையும் பார்ப்பதில்லை. வைரஸ் செய்யும் ஏதோ ஒரு புரதத்தில் ஏதோ ஒரு துண்டை மட்டும்தான் பார்க்கும். உங்கள் பிரச்சினைக்கான விடை இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

புகையிலைத் தேமல் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் தடிமன், உள்ளே சுமார் 6,400 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ இழை ஒன்று. அதற்குச் செய்யத் தெரிந்த புரதம் மொத்தமே நான்கு: நகலெடுக்க இரண்டு, பக்கத்துச் செல்லுக்கு நகர ஒன்று, மேலே போர்த்திக்கொள்ள ஒன்று. நிக்கோட்டியானா குளுட்டினோசா என்ற காட்டுப் புகையிலையில் "என்" என்ற எழுத்தால் குறிக்கும் மரபணு ஒன்று உண்டு. அது செய்யும் காவல் புரதம், நகலெடுக்கும் புரதத்தின் ஹெலிகேஸ் துண்டைக் கண்டுகொள்ளும். ஹோம்ஸ் என்பவர் அதைக் கலப்பு மூலம் சாகுபடிப் புகையிலைக்குள் கொண்டுவந்ததை 1938-இல் எழுதினார், 1994-இல் அந்த மரபணுவையே தனியாகப் பிரித்தெடுத்தார்கள். உருளைக்கிழங்கின் ஆர்எக்ஸ் புரதம் பார்ப்பது உருளைக்கிழங்கு எக்ஸ் வைரஸின் உறைப் புரதத்தை. தக்காளியின் எஸ்டபிள்யூ-5பி பார்ப்பது புள்ளி வாடல் வைரஸின் நகர்வுப் புரதத்தை. ஆளுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். தான் பார்க்கவேண்டிய அந்தத் துண்டு இல்லாத வைரஸ் வந்தால் அது ஒன்றும் செய்யாது.

அதனால் முதல் கேள்வி: உறையில் எந்த வைரஸ் என்று போட்டிருக்கிறது? எங்காவது பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

தும்பி

அக்கா, கண்டுகொண்ட பிறகு என்ன நடக்கும்? காவல் புரதம் வைரஸைக் கொன்றுவிடுமா?

இலைநரம்பு

அது தானாக வைரஸைத் தொட்டு அழிப்பதில்லை தம்பி, செல்லை உசுப்பிவிடும். நான் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் சீக்கிரம் புரியும்.

நோய் பிடித்த இலையை அரைத்த சாற்றில் விரலை நனைத்து, கார்போரண்டம் தூள் தூவிய குளுட்டினோசா இலைமேல் மெல்லத் தேய்ப்போம். தூள் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும். புகையிலைத் தேமல் வைரஸுக்கு உள்ளே போகக் காயம் வேண்டும், முழுசாக இருக்கும் செல்சுவரைத் துளைக்க அதற்குத் தெரியாது. உடனே தண்ணீரில் கழுவிவிடுவோம். மறுநாள் பார்த்தால் ஒன்றுமில்லை. இரண்டாம் மூன்றாம் நாள் இலையில் ஊசி குத்தின மாதிரி வெளிறிய புள்ளிகள், பிறகு அவை குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்பாகிக் காய்ந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு புள்ளியும் தாள் போல மெலிந்து, ஓரத்தில் கருத்த வளையம். அதற்கு வெளியே இலை பச்சைப்பசேலென்று இருக்கும். வைரஸ் புகுந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாங்களே செத்து அதை அங்கேயே அடைத்துவிட்டன. செடிக்கு வேறு எந்தச் சேதமும் இல்லை.

அதே செடியை 32 டிகிரி அறையில் வைத்தால் புள்ளி வராது. வைரஸ் சத்தமில்லாமல் இலை இலையாக ஏறிவிடும், ஏனென்றால் "என்" புரதத்தின் வேலை 28 டிகிரிக்கு மேல் நின்றுபோகிறது. பிறகு 22 டிகிரிக்கு மாற்றுங்கள். காவல் புரதம் விழித்துக்கொள்ளும், ஆனால் அதற்குள் வைரஸ் எல்லா இலையிலும் இருக்கிறது, அதனால் வைரஸ் இருக்கும் செல்லெல்லாம் ஒரே நேரத்தில் சாகத் தொடங்கும். சாயங்காலம் அறை மாற்றிவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது செடி துவண்டு தொட்டியின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான், வைரஸைத் தடுக்கும் அதே புரதம் நேரம் தவறி விழித்தால் செடியையே முடித்துவிடும் என்பது எனக்கு உறைத்தது.

நாற்றங்கால்

அப்படியென்றால் "வெயில்" என்று விற்றவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறதே?

இலைநரம்பு

சில புரதங்களுக்கு உண்மைதான். "என்" அப்படி, மிளகாயில் புள்ளி வாடலுக்கு எதிரான டிஎஸ்டபிள்யூ-வும் 32 டிகிரிக்குப் பக்கத்தில் தளர்ந்துவிடும். ஆனால் எல்லாவற்றுக்கும் வெயிலைக் காரணம் சொல்வது சரியில்லை, எந்தப் புரதம் என்று தெரியாமல் அதைச் சொல்லவே முடியாது.

தும்பி

செல் செத்தால்தான் பாதுகாப்பா? அது எனக்கு இன்னும் ஒட்டவில்லை. வைரஸ் ஏற்கனவே பக்கத்துச் செல்லுக்குப் போயிருந்தால்?

இலைநரம்பு

நல்ல கேள்வி, ஆய்வாளர்களும் பல வருடம் இதில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். செல் சாவது வெளியே தெரியும் அறிகுறி, அதற்கு முன்பே பல வேலை நடந்துவிடுகிறது. ஆர்எக்ஸ் உள்ள உருளைக்கிழங்கில் புள்ளியே வராது, ஒரு செல்லும் சாகாது, வைரஸ் பெருகுவது மட்டும் நின்றுவிடும். ஆக, மரணம் இல்லாமலும் தடுக்கமுடியும்.

உள்ளே நடப்பது இது. "என்" வகைக் காவல் புரதங்கள் உசுப்பப்பட்டதும் நான்கு நான்காகச் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆகின்றன (இந்த வடிவத்தை 2020-இல் இதே குடும்பத்தின் வேறு இரண்டு புரதங்களில் படமெடுத்தார்கள்). அது என்ஏடி என்ற மூலக்கூறை உடைத்து, அதிலிருந்து வரும் சின்னத் துண்டுகள் அடுத்தடுத்த புரதங்களுக்குச் சேதி சொல்கின்றன. கால்சியம் உள்ளே பாய்கிறது, செல்களுக்கு இடையே உள்ள நுண்துளைகளின் கழுத்தில் காலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருள் படிந்து வழி குறுகுகிறது, சாலிசிலிக் அமிலம் ஏறுகிறது. தொற்றாத இலைகளுக்கும் சேதி போய், அடுத்த முறை அங்கே வைரஸைத் தேய்த்தால் புள்ளிகள் சிறிதாகவும் குறைவாகவும் வரும். 1961-இல் ராஸ் இதைப் புகையிலையில் காட்டினார். 1979-இல் ஒயிட் என்பவர் சாலிசிலிக் அமிலத்தின் நெருங்கிய சொந்தமான ஆஸ்பிரினைப் புகையிலை இலைக்குள் ஊசியால் ஏற்றிப் பார்த்தார், புள்ளிகள் குறைந்தன. அதைக் கேட்டுவிட்டு யாரும் செடிக்கு ஆஸ்பிரின் கரைத்து ஊற்றவேண்டாம், அளவு தப்பினால் இலை கருகும்.

ஒட்டுக்கட்டு

இருபது வருடமாக ரகம் உருவாக்கும் வேலையில் இருக்கிறேன். இலைநரம்பு சொன்னதெல்லாம் சரி, ஆனால் அது பாதிக் கதை. எதிர்ப்பு என்றாலே ஏதோ ஒரு புரதம் எழுந்து நின்று சண்டை போடுகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். எங்கள் வயலில் நிலைத்து நின்ற எதிர்ப்புகளில் பல, செடி ஒரு புரதத்தை வைரஸுக்குக் கொடுக்க மறுத்ததால் வந்தவை.

விளக்குகிறேன். செடியின் செல்லில் புரதம் தயாராகும்போது, புரதம் செய்யும் எந்திரமான ரைபோசோமைத் தூது ஆர்என்ஏ-வோடு கோத்துவிட இஐஎஃப்4இ என்று ஒரு புரதம் வேண்டும். ஆர்என்ஏ-வின் நுனியில் உள்ள தொப்பியைப் பிடிப்பது அதுதான். உருளைக்கிழங்கு ஒய் வைரஸ் குடும்பத்துக்கு அந்தத் தொப்பி கிடையாது. பதிலாக விபிஜி என்ற தன் புரதத்தை நுனியில் ஒட்டவைத்துக்கொண்டு வந்து, இந்த இஐஎஃப்4இ-யை இழுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. மிளகாயில் பல காலமாக நாம் வைத்திருந்த பிவிஆர்2 எதிர்ப்பு என்னவென்று 2002-இல் பிரித்துப் பார்த்தால், இந்த இஐஎஃப்4இ-யில் சில அமினோ அமிலங்கள் மட்டும் மாறியிருந்தன! வைரஸின் விபிஜி வந்து பிடிக்கப் பார்க்கும், கை வழுக்கும். பட்டாணியின் எஸ்பிஎம்1, கீரைவகை லெட்டூஸின் எம்ஓ1, பார்லியின் ஆர்ஒய்எம்4 எல்லாமே இதே புரதம்தான். தனித்தனி நாட்டில் தனித்தனி ஆட்கள் தனித்தனிப் பயிரில் பொறுக்கியெடுத்தார்கள், கடைசியில் எல்லோர் கையிலும் இருந்தது ஒன்றே என்று தெரிந்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

செடி எப்படிப் பிழைக்கிறது என்று கேட்பீர்கள். அதற்குக் கிட்டத்தட்ட அதே வேலை செய்யும் இன்னொரு புரதமும் இருக்கிறது, ஒன்று போனால் மற்றது பார்த்துக்கொள்ளும். இந்த எதிர்ப்பு ஒடுங்கு பண்பு, அதனால் தாய் தகப்பன் இரண்டு பக்கமும் மாறிய மரபணு வரவேண்டும். ஒரு பக்கம் நல்ல இஐஎஃப்4இ இருந்தாலும் வைரஸுக்கு அது போதும். வீரிய ஒட்டு ரகத்தில் இரண்டு பெற்றோரிலும் இதைக் கொண்டுவர எங்களுக்கு எத்தனை வருடம் போகும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். 2016-இல் வெள்ளரியில் கிரிஸ்பர் கொண்டு இந்த மரபணுவை நேராக வெட்டி, மூன்று வைரஸ்களுக்கு எதிர்ப்பு வந்ததைக் காட்டிவிட்டார்கள்.

தும்பி

அப்போ புகையிலைத் தேமல் வைரஸை இது தடுக்காது இல்லையா? அதற்குத் தொப்பி உண்டே.

ஒட்டுக்கட்டு

சரியாகப் பிடித்தாய் தம்பி. அதற்குத் தொப்பி உண்டு, விபிஜி கிடையாது. அந்தக் கதவு வழியாக அது வருவதே இல்லை.

அந்திமந்தாரை

ஆளுக்கு ஒரு புரதம், ஆளுக்கு ஒரு வைரஸ் என்றே பேசுகிறீர்கள். எல்லா வைரஸையும் பொதுவாகத் தடுக்கும் புரதம் செடிகளில் இருக்கிறதே! அந்திமந்தாரை, காகிதப்பூ, மூக்கிரட்டை சாற்றில் உண்டு. தெளித்துப் பலன் கண்டவர்களை எனக்குத் தெரியும். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

இலைநரம்பு

சொல்லவேண்டியதுதான், அதில் பொய் இல்லை. 1925-லேயே டக்கர், ஆம்ஸ்ட்ராங் என்ற இருவர், போக்வீட் என்ற செடியின் சாற்றைப் புகையிலைத் தேமல் வைரஸோடு கலந்தால் தொற்று நின்றுபோவதைக் கண்டார்கள். பிறகு அந்தச் சாற்றிலிருந்து பிரித்த புரதம் சுமார் 29 கிலோடால்டன் எடை. நீங்கள் சொன்ன அந்திமந்தாரைப் புரதமும் அதே இனம். அது செய்யும் முக்கிய வேலை இதுதான்: ரைபோசோமின் பெரிய ஆர்என்ஏ-வில் குறிப்பிட்ட ஒரு வளைவில் உள்ள ஒரே ஒரு அடினைனைப் பிடுங்கி எறியும். ஆயிரக்கணக்கான எழுத்தில் ஒரு எழுத்து போனதும் அந்த ரைபோசோம் புரதம் செய்வதை நிறுத்திவிடும். போக்வீட் அதைத் தன் செல்லுக்குள் வைக்காமல் செல்சுவர்ப் பக்கம் வெளியே வைத்திருக்கிறது. அசுவினி குத்தியோ கீறலாலோ வைரஸ் உள்ளே போகும்போது இந்தப் புரதமும் கூடவே உள்ளே போய் அந்த ஒரு செல்லின் புரத உற்பத்தியை நிறுத்திவிடுகிறது, வைரஸும் அங்கேயே நின்றுவிடுகிறது என்பதுதான் விளக்கம்.

இனி நீங்கள் கவனிக்கவேண்டியது இரண்டு. தொற்றுவதற்கு முன்போ தொற்றும் நேரத்திலோ இலைமேல் இருந்தால்தான் பலன். ஏற்கனவே செடி முழுக்க ஏறிவிட்ட வைரஸை இது துரத்தாது. இன்னொன்று, ஆமணக்கு விதையின் ரிசினும் இதே வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ரிசினிடம் நம் செல்லுக்குள் ஏறிக்கொள்ள உதவும் இரண்டாவது பகுதி உண்டு, போக்வீட் புரதத்திடம் இல்லை, அந்த வித்தியாசம் பெரியது. இருந்தாலும் "இயற்கைச் சாறுதானே" என்று கையுறை போடாமல், அளவு பாராமல், பறிக்கப்போகிற காயின்மேல் அடிப்பது சரி என்று நான் சொல்லமாட்டேன். 1993-இல் போக்வீட் மரபணுவைப் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸுக்கு எதிர்ப்பு வந்தது. ஆனால் அந்தப் புரதம் அதிகமாகச் சுரந்த புகையிலைச் செடிகள் வளர்ச்சி குன்றி, இலையில் தேமலோடு நின்றன.

அந்திமந்தாரை

முன்கூட்டித் தெளிக்கவேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நாற்றுப் பருவத்திலேயே தொடங்கியவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது, நோய் கண்டபிறகு தொடங்கியவர்கள் ஏமாந்தார்கள். அதற்குக் காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது. கையுறையும் குறித்துக்கொண்டேன்.

நாற்றங்கால்

எனக்கு ஒரு அனுபவம். சில செடிகளில் கீழ் இலையெல்லாம் வளையம் வளையமாக நோய், மேலே வரும் புது இலை சுத்தமாக இருக்கும். மருந்து எதுவும் அடிக்கவில்லை. தானாகவே தேறுமா?

இலைநரம்பு

தேறும்! எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1928-இல் விங்கார்ட் புகையிலையில் வளையப்புள்ளி வைரஸைத் தொற்றவைத்தபோது இதையேதான் பார்த்தார். மேலே வந்த இலைகள் சுத்தம், அவற்றில் மறுபடி வைரஸைத் தேய்த்தாலும் நோய் வரவில்லை. ஏன் என்று தெரிய எழுபது வருடம் ஆனது.

வைரஸ் ஆர்என்ஏ பெருகும்போது இரட்டை இழையாக ஒரு கட்டம் வரும். ஆரோக்கியமான செல்லில் அவ்வளவு நீளமான இரட்டை இழை ஆர்என்ஏ சாதாரணமாக இருக்காது. டைசர் என்ற புரதங்கள் அதைப் பார்த்ததும் 21, 22 எழுத்துத் துண்டுகளாக நறுக்கிவிடும். ஆர்கோனாட் என்ற புரதம் அதில் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதே எழுத்துவரிசை உள்ள ஆர்என்ஏ எங்கே தென்பட்டாலும் வெட்டும். ஆர்டிஆர் என்ற மூன்றாவது வகைப் புரதம் வைரஸ் ஆர்என்ஏ-விலிருந்து இன்னும் இரட்டை இழை செய்து டைசருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சின்னத் துண்டுகள் நுண்துளை வழியே அடுத்த செல்லுக்கும் போகும், அதனால் வைரஸ் வந்துசேரும் முன்பே மேல் இலையில் சேதி காத்திருக்கும். இந்தச் சின்ன ஆர்என்ஏ துண்டுகளை 1999-இல் ஹாமில்டனும் பால்கோம்பும் கண்டுபிடித்தார்கள். என்எல்ஆர் போல முன்கூட்டி ஒரு அடையாளத்தோடு பிறந்த புரதம் இதற்குத் தேவையில்லை, வந்திருக்கும் வைரஸிடமிருந்தே அடையாளத்தை எடுத்துக்கொள்கிறது.

வைரஸும் சும்மா இருக்காது. தக்காளிக் குற்றுப்புதர் வைரஸின் பி19 என்ற புரதம் இரண்டிரண்டாகச் சேர்ந்து, அந்த 21 எழுத்துத் துண்டின் நீளத்தை அளந்து பிடித்துக்கொண்டு ஆர்கோனாட் கைக்குப் போகவிடாது. வெள்ளரித் தேமல் வைரஸின் 2பி வேறு வழியில் இதையே செய்யும். இலைச்சுருட்டு வைரஸுக்கு எதிராகத் தக்காளியில் இருக்கும் டிஒய்-1 என்ற மரபணு செய்வதும் ஒரு ஆர்டிஆர் புரதம்தான், காட்டுத் தக்காளியான சொலானம் சிலென்ஸிலிருந்து வந்தது. அதனால் டிஒய்-1 உள்ள செடியில் வைரஸ் கொஞ்சம் இருக்கும், நோய் தெரியாது. அதே செடியில் வெள்ளரித் தேமல் வைரஸும் சேர்ந்துகொண்டால் டிஒய்-1 தரும் காவல் தளர்ந்துவிடும், 2014-இல் காட்டினார்கள். ஒரு செடியில் இரண்டு வைரஸ் இருந்தால் எதிர்ப்பு ரகமும் சாயும் என்று விவசாயிகள் சொல்வதை இனி யாரும் மறுக்கவேண்டாம்.

பாத்திக்காரன்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். உறையைத் தேடி எடுத்துவிட்டேன். பின்பக்கம் பொடி எழுத்தில் "எச்ஆர்: டிஓஎம்வி" என்றும் "ஐஆர்: டிஒய்எல்சிவி" என்றும் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

ஒட்டுக்கட்டு

அப்படியென்றால் விஷயம் தெளிவாகிறது. எச்ஆர் என்றால் உயர் எதிர்ப்பு, ஐஆர் என்றால் இடைநிலை. டிஒய்எல்சிவி என்பது இலைநரம்பு சொன்ன இலைச்சுருட்டு வைரஸ். டிஓஎம்வி என்பது தக்காளித் தேமல் வைரஸ், அதற்கு இப்போதைய ரகங்களில் பெரும்பாலும் டிஎம்-2² என்ற காவல் புரதம்தான் இருக்கும். சொலானம் பெருவியானம் என்ற காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது, 861 அமினோ அமிலம், வைரஸின் நகர்வுப் புரதத்தைக் கண்டுகொள்ளும். அதற்கு முன்பு பயன்பட்ட டிஎம்-2-வுக்கும் இதற்கும் வித்தியாசம் நான்கே அமினோ அமிலம். டிஎம்-2-ஐ வைரஸ் சீக்கிரம் தாண்டிவிட்டது, இது மட்டும் பல பத்தாண்டு நின்றது. அவ்வளவு காலம் நின்றதாலேயே உலகம் முழுக்க இந்த ஒன்றையே நம்பினோம், அதில் என் பங்கும் உண்டு.

2014-இல் இஸ்ரேலிலும் 2015-இல் ஜோர்தானிலும் பசுமைக்குடில் தக்காளியில் புதிதாக ஒரு வைரஸ் தெரிந்தது. தக்காளிப் பழுப்புச் சொரசொரப்பு வைரஸ் என்று சொல்லலாம். தக்காளித் தேமல் வைரஸின் நெருங்கிய சொந்தம். நகர்வுப் புரதத்தில் டிஎம்-2² பார்க்கும் இடத்தில் சில எழுத்துகள் மாறியிருந்தன, புரதம் அதை அடையாளம் காணவில்லை. கை, கத்தரி, துணி, கம்பி எதில் பட்டாலும் பரவும், விதைத்தோலிலும் ஒட்டியிருக்கும். நீங்கள் சொன்ன சொரசொரப்புக் காயும், கிள்ளிய திசையில் பரவியதும் அதை நினைக்கவைக்கிறது. ஆனால் படத்தைப் பார்த்தோ எழுத்தைப் படித்தோ உறுதி சொல்ல முடியாது, தேமல் தரும் வைரஸ்கள் நிறைய உண்டு. ஆர்என்ஏ சோதனை செய்து பார்க்கவேண்டும்.

உங்கள் விதையில் அந்தப் புரதம் இருந்தது பொய்யில்லை, அண்ணா. உறையின் முன்பக்கம் வெறும் "வைரஸ் எதிர்ப்பு" என்று போட்டதுதான் தப்பு.

இலைநரம்பு

சோதனைக்கு அனுப்பும்போது கொழுந்து இலையாக எடுங்கள், காய்ந்த இலை வேண்டாம். ஒவ்வொரு செடிக்கும் கையுறை மாற்றுங்கள், நோய் இல்லாத வரிசையிலிருந்தும் இரண்டு இலை தனிப் பையில் வையுங்கள், ஒப்பிட உதவும். அதுவரை நோய் உள்ள வரிசையில் கடைசியாகத்தான் இறங்கவேண்டும், அங்கிருந்து நல்ல வரிசைக்குப் போகவே கூடாது.

பாத்திக்காரன்

இன்று காலை ஆறு செடியிலிருந்து கொழுந்தும், நல்ல வரிசையிலிருந்து இரண்டும் எடுத்து அனுப்பிவிட்டேன். சொரசொரப்புக் கண்ட பதினோரு செடியையும் வேரோடு பிடுங்கிப் பைக்குள் போட்டுக் கட்டியாயிற்று. நல்ல வரிசையில் இன்னும் கிள்ளவில்லை, முடிவு வரும்வரை கை வைக்கப்போவதில்லை. என்ன வைரஸ் என்று தெரிந்ததும் இதே இழையில் எழுதுகிறேன். அடுத்த விதை வாங்கும்போது உறையின் பின்பக்கத்தை முதலில் படம் எடுத்து இங்கே போடுவேன், ஒட்டுக்கட்டு அண்ணன் பார்த்துச் சொல்லவேண்டும்.